பங்காளி அடுப்பு

— தர மாட்டேன்னு நானு சொல்லல நிர்மலா. இந்தச் சோத்துக் கொட்டாய் சாவிய தொட முடியாதுன்னுதான் சொல்றேன். அதோ ஆணியில தொங்குது. வோணும்னா நீயே எடுத்துக்க.

— நான் எடுத்து என்ன பண்றது ராணிக்கா? நாப்பது புள்ளைங்களுக்கு நானா ஆக்கறது? சேலத்துலேர்ந்து காரு கெளம்பியாச்சு. திட்டத்துக்குப் பணம் குடுக்கற டெல்லிக்காரங்க ரெண்டு பேரு, எங்க பெரிய ஆபீஸ் சாரு ஒருத்தரு. பதினோரு மணிக்கு இங்க வந்து நிப்பாங்க. அடுப்பு எரியணும், புள்ளைங்க உக்காந்து சாப்பிடணும். அதப் பாக்கத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க.

— வரட்டும். பூட்டுனது பூட்டுனபடி பாக்கட்டும். சாவு வுழுந்துருச்சு, தீட்டு கெடக்குதுன்னு சொல்லு. டெல்லியில மனுசன் சாவறதே இல்லியா?

— சரிக்கா, கோவப்படாதீங்க. ப்ராக்டிகலா பாருங்க. செத்தது யாரு? ஆண்டிங்கற பெரியவரு. எங்க செத்தாரு? பெங்களூர்ல. நீங்க அவரு மொகத்த எப்பப் பாத்தீங்க?

— எங்க கல்யாணத்துல பாத்தது. பாத்தா என்ன பாக்காட்டி என்ன? எங்க மாமனாருக்கு ஒண்ணு வுட்ட அண்ணன். பங்காளி. தலைய சாச்சா தீட்டு தீட்டுதான். ஞாயித்துக்கெழம கருமாதி. அது முடிஞ்சு, தண்ணி ஊத்தி எடுத்துட்டு, திங்கக்கெழம வெடியகாலம் அடுப்பு பத்த வெக்கறேன். நீ வந்து பாரு.

— திங்கக்கெழம பாக்க யாரும் வர மாட்டாங்கக்கா. இன்னிக்குத்தான். சரி, உங்களுக்குத் தீட்டு. உங்களோட ஆக்கற மத்தவங்க இருக்காங்கள்ல? குழுவுல பத்து பேரு. அதுல ஒருத்தர் வரக் கூடாதா?

— எந்த ஒருத்தி?

— யாராவது. உங்க சின்னக்கா. அந்தக் கோடி வூட்டு அக்கா.

— சின்னக்கா யாரு? எங்க வூட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். கோடி வூட்டுக்காரி எங்க சின்ன மாமனாரு மருமவ. மிச்சம் இருக்கறவளுங்களும் அதே வகையறாவுக்கு வாக்கப்பட்டவளுங்கதான். பத்து பேருக்கும் ஒரே தீட்டு கண்ணு. ஒருத்தன் செத்தா பத்து வூட்டு அடுப்பும் சேந்து படுக்கும்.

— இத ஏன்கா நீங்க மொதல்லயே சொல்லல?

— எப்ப சொல்றது? நீ எப்ப கேட்ட? குழு எடுக்க வந்த அன்னிக்கு என்னா கேட்ட, ஞாபகம் இருக்குதா? உங்களுக்குள்ள சண்ட வந்தா எப்பிடித் தீத்துக்குவீங்கன்னு கேட்ட. சண்டயே வராதுங்க மேடம், நாங்க எல்லாம் ஒரே வூட்டுப் பொம்பளைங்கன்னோம். நீ கை தட்டுன. இந்த ஜில்லாவுலயே இப்பிடி ஒத்துமையான குழுவ பாத்ததில்லன்ன. எங்களுக்கு முன்னால வந்தாளுங்களே, ஊரும் காலனியும் கலந்த குழு, அவளுங்க உன் கண்ணு முன்னாடியே கெணத்துத் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டாளுங்க. அவளுங்கள வேணாம்னு அனுப்பிட்ட.

— ஒத்துமையா இருக்கற குழுவாப் பாத்து எடுங்கன்னுதான் எங்களுக்கும் சொன்னாங்க.

— ஒத்துமைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. இப்பவும் ஒத்துமையாத்தான் உக்காந்திருக்கோம்.

— அக்கா, நானும் உங்கள மாதிரிதான். தருமபுரியில எங்க வூட்டுலயும் இதெல்லாம் பாப்போம். ஆனா போன வருசம் எங்க பெரிய மாமனாரு தவறுனப்ப நான் என் பையனுக்கு ஆக்கிப் போட்டேன். பசிச்ச புள்ளைக்கு ஆக்காம எப்பிடி இருக்கறது?

— உன் பையனுக்கு ஆக்குன. அவனுக்கும் அதே தீட்டுதானே? அடுத்தவ புள்ளைக்கு ஆக்குவியா? அதுவும் எலும்பும் தோலுமா, தோஷம் புடிச்சுக் கெடக்கற புள்ளைக்கு? தீட்டுக்காரி நெழலு பட்டாலே அந்த மாதிரிப் புள்ள எளைச்சுப் போயிரும். நானு அந்தக் கையால சோத்தப் பெசஞ்சு வாயில வெக்கணுமா?

— தோஷமா? நாலு வருசமா வாரா வாரம் வந்து படம் போட்டுக் காட்டி என்னக்கா சொல்லிக் குடுத்தேன்? புள்ள எளைக்கறது தோஷத்தால இல்ல, பருப்பு இல்ல, முட்டை இல்ல, எண்ணெய் இல்ல, அதாலன்னு சொன்னேன். எல்லாரும் தலைய ஆட்டுனீங்களே.

— ஆட்டுனோம். நீ அவ்ளோ தூரம் பஸ் புடிச்சு வந்து தொண்ட தண்ணி வத்தப் பேசற. இல்லன்னு சொன்னா உம் மனசு சங்கடப்படும். பருப்பும் முட்டையும் வோணும்தான், நானு இல்லன்னு சொல்லல. ஆனா தோஷமும் இருக்குது. ரெண்டும் இருக்குது.

— அப்ப நாலு வருசம் நான் சுவத்துக்கிட்ட பேசிட்டுப் போயிருக்கேன்.

— அப்பிடிச் சொல்லாத கண்ணு. உன்னாலதான் இந்தக் கொட்டாய் வந்துச்சு. அரிசி லாரியில வந்துக்கிட்டு இருந்தத நிறுத்தி, நம்ம காட்டு கேவுரையும் சாமையையும் வாங்க வெச்சது நீதான். காலனி மாது பொண்ணு, அதான் கவிப்பிரியா, அவ புள்ள பாரதி மூணு வயசு வரைக்கும் நடக்கல. என் மடியில உக்கார வெச்சு நானே ஊட்டுனேன். இப்ப ஓடுது. எனக்கு அது தெரியாதா?

— அந்தப் புள்ளைக்கு இந்த ஒரு வாரமா யாரு ஊட்டறா?

— கேக்காத.

— கேக்கறேன். சொல்லுங்க.

— தாயி கூட புளி மண்டிக்குப் போவுது. அப்துல் ரஷீத் பாய் மண்டியில காலனிப் பொம்பளைங்க எல்லாம் புளி தட்டப் போறாங்க. சோறு இங்க கெடைக்கற வரைக்கும் புள்ளைங்கள இங்க வுட்டுட்டுப் போனாளுங்க. இப்ப தூக்கிட்டுப் போறாளுங்க. பாய் டீயும் பன்னும் வாங்கித் தர்றாராம். மிச்ச நேரம் புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுக்கிட்டு கெடக்குதுங்க. நேத்து ரோட்டுல பாத்தேன். பாரதிக்கு வயிறு வீங்கிக் கெடக்குது. நானு கிட்ட போவல. போனா தீட்டு. வூட்டுக்கு வந்து அழுதேன், போதுமா?

— அழுதா ஆச்சாக்கா?

— வேற என்னா பண்ணச் சொல்ற? அடுப்பு அமந்த மறுநாளே கவிப்பிரியா இங்க வந்து நின்னா. அப்பறம் சாவியக் கேட்டா. நாங்க காலனிப் பொம்பளைங்க நாலு பேரு ஆக்கிக்கறோம், எங்களுக்குத் தீட்டு இல்லியேன்னா. ஒடனே உனக்குத்தான் போன் போட்டேன். நீ என்னா சொன்ன?

— நான் ஓசூர்ல மீட்டிங்ல இருந்தேன்.

— எங்க இருந்தன்னு கேக்கல. என்னா சொன்னன்னு கேக்கறேன்.

— குழுவுல இல்லாதவங்க அடுப்படிக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேன். அது ரூலுக்கா. பயிற்சி இல்லாதவங்க ஆக்கி புள்ளைங்களுக்கு எதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது? அதுவும் டெல்லிக்காரங்க வர்ற நேரத்துல ஊருக்கும் காலனிக்கும் ஒரு சண்ட கெளம்பிட்டா? கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். இவ்ளோ நாள் அடுப்பு சுத்தமா எரியாம கெடக்கும்னு எனக்குத் தெரியாது.

— அந்த சண்டய நானு போட்டிருப்பேன். எங்க ஆம்பளைங்க குதிச்சிருப்பானுங்கதான். குதிக்கட்டும்னு வுட்டிருப்பேன். நீ வேணாம்ன பொறவு எனக்கு என்னா இருக்குது? கூட்டத்துக்குக் கூட்டம் எங்கள பங்காளி அமைப்பு, பங்காளி அமைப்புன்னு மைக்குல சொல்றீங்க. உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் பங்காளின்னா என்னான்னு தெரியுமா?

— பார்ட்னர்ங்கறதுக்கு யாரோ அப்பிடி எழுதிட்டாங்க.

— எழவு வுழுந்தா பங்காளி கூட உக்காந்து அழுவான். தலைய மழிச்சுக்குவான். அடுப்பு மட்டும் மூட்ட மாட்டான், அவனுக்கும் தீட்டு. எழவு வூட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டாந்து போடறவன் சம்பந்தி. வெளியிலேர்ந்து வர்றவன். சோறு போடற காரியத்துக்கு பங்காளியத் தேடிப் புடிச்சிருக்கீங்க. நானு அன்னிக்கே வூட்டுல சொல்லிச் சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல.

— ஒரு நிமிஷம்க்கா. டிரைவர் குப்புராஜ் கூப்பிடறாரு. சொல்லுங்க. சரி. சரிங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. அதியமான்கோட்டையில டீ குடிக்கறாங்களாம்க்கா. அப்பறம் தருமபுரி, அரூரு. வந்துருவாங்க.

— வரட்டும்.

— அக்கா, உங்ககிட்ட மறைக்காம சொல்றேன். இந்த மாதிரி எட்டு ஊர்ல ஆரம்பிச்சோம். ஏழு படுத்துருச்சு. ஒரு ஊர்ல தலைவி வூட்டுக்காரன் அரிசிய வித்துட்டான், ஒரு ஊர்ல குழுவே திருப்பூருக்கு வேலைக்குப் போயிருச்சு. இங்க மட்டும்தான் அடுப்பு எரியுதுன்னு நான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன். இவங்களால தனியா நிக்க முடியுமான்னு பாக்கத்தான் வர்றாங்க. முடியும்னு தோணுச்சுன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் வரும். இல்லன்னு தோணுச்சுன்னா வேற ஜில்லா பாத்துப் போயிருவாங்க. அப்பறம் கருமாதி முடிஞ்சு திங்கக்கெழம நீங்க அடுப்பு பத்த வெச்சு எதப் போட்டு ஆக்குவீங்க?

— நீ ஆக்கு. நீ ஆக்கி வை. நாங்க ஆக்குனோம்னு சொல்லிக்கலாம்.

— அப்பறம் அவங்க ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் கேப்பாங்க. என்ன போட்டீங்க, எப்பிடி ஆக்குனீங்க, எவ்ளோ வேக வெச்சீங்கன்னு. நான் கரண்டி புடிச்சு நின்னா அங்கயே முடிஞ்சுது. ஊர்க்காரங்க நிக்கறாங்களான்னுதான் பாக்க வர்றாங்க. நான் ஊர்க்காரி இல்ல.

— அப்ப கவிப்பிரியாவ இப்பக் கூப்புடு.

— எந்த மொகத்த வெச்சுக்கிட்டு ஆக்க வான்னு கூப்புடறது? அன்னிக்கு வேணாம்னேன். இன்னிக்கு கார் வருது, வந்து ஆக்குன்னா காறித் துப்புவா.

— துப்புவா. துப்பட்டுமே.

— என்னால முடியலக்கா. நான் ரொம்பக் களைச்சுட்டேன். வீட்டுல என் பையன் நான் எந்த ஊர்ல இருக்கேன்னு கேக்கறதையே வுட்டுட்டான். இது ஒண்ணாவது நிக்கட்டும்னு தோணுது. உங்க கால்ல வுழச் சொல்லுங்க, வுழறேன்.

— ஏய், எழுந்திரு. எழுந்திரு கண்ணு. தீட்டுக்காரி கால்ல எவளாச்சும் வுழுவாளா?

— நீங்க பத்த வெக்கலன்னா அந்தப் புள்ளைங்களுக்கு இனி என்னிக்குமே இல்ல. இன்னிக்கு ஒரு நாள். ஒரே ஒரு வேளை.

— தோஷம் பட்டு ஒரு புள்ள செத்துச்சுன்னா?

— சாவாதுக்கா. என் பையன் மேல ஆணையா சொல்றேன், சாவாது. சோறு இல்லாமதான் சாவும்.

— உன் பையன ஏன் இழுக்கற? பாவம் புடிச்சவளே.

— வேற எதுவும் என்கிட்ட இல்ல.

— சரி, தள்ளு. சாவிய நானே எடுக்கறேன். நீ எடுக்காத, உனக்கு எதுக்கு இது. சாமி, என் கையிதான் தொடுது, என் தலையிலயே வெய்யி. அந்தப் புள்ளைங்க தலையில வெக்காத. தீர்த்தமலைக்கு நடந்தே வர்றேன்.

— நான் என்னக்கா செய்யட்டும்?

— பேசாத. தீப்பெட்டிய எடு. சாமைய கழுவு. அதுல ஒண்ணும் உனக்குத் தப்பில்ல, தண்ணி மொண்டு ஊத்து.

— பத்திக்கிச்சு.

— பத்திக்கிச்சு. எங்க வூட்டுக்காரரு கேட்டா என்னா சொல்றது? செத்த பெரியவரு ஆத்துமா எங்க நின்னு பாக்குதோ. முட்டைய இந்தப் பக்கம் வை. எல்லா முட்டையும் போடு, எதுக்கு மிச்சம் வெக்கற? ஒரு வாரம் தின்னாததுக்கு ஆளுக்கு ரெண்டா குடுக்கலாம்.

— புள்ளைங்க மண்டியிலதானே இருக்கும்? கவிப்பிரியாவுக்குப் போன் போடறேன். சாப்பிட அனுப்பச் சொல்றேன்.

— போடு. நானு பேச மாட்டேன், நீயே பேசு.

— கவிப்பிரியா, நான் நிர்மலாதேவி பேசறேன்மா. ஆமா, சென்டர்லேர்ந்துதான். ராணிக்கா அடுப்பு பத்த வெச்சுட்டாங்க. ஆமா, அவங்களேதான். புள்ளைங்கள அனுப்புங்க. எல்லாரையும். முட்டை ஆளுக்கு ரெண்டு. இன்னிக்கு டெல்லியிலேர்ந்து ஆளுங்க வர்றாங்க, அதனால கொஞ்சம் சீக்கிரம். கேக்குதா?

— என்னா சொன்னா?

— வர்றேன்னு சொன்னா.

— அனுப்பறேன்னு சொல்லலியா?

— வர்றேன்னுதான்கா சொன்னா. புள்ளைங்களக் கூட்டிட்டு வருவா. ஏன் ஒவ்வொரு வார்த்தையா புடிச்சுத் தொங்கறீங்க?

— இல்ல. பயமா இருக்குது. அந்தத் தாயிங்களுக்கும் தோஷம்னா என்னான்னு தெரியும்ல. தீட்டுக் கையில ஆக்கறேன்னு தெரிஞ்சா எவ புள்ளைய அனுப்புவா? நானா இருந்தா அனுப்ப மாட்டேன்.

— வருவாங்க. பசி இருக்குதுல்ல.

— தட்ட எல்லாம் கழுவி வரிசையா வை. கீரைக்கு உப்பு பாரு. நானு ருசி பாக்கல, வாயில வெக்க மனசு வரல.

— குப்புராஜ் அரூரு தாண்டிட்டேன்னு மெசேஜ் போட்டிருக்காரு.

— இன்னும் ஒரு புள்ளையக் காணோமே நிர்மலா.

— வரும்க்கா.

— வாசல்ல போய்ப் பாரு.

— யாரோ வர்றாங்க. கவிப்பிரியாதான். ஒண்டியா வர்றா.

— பாரதி? இடுப்புல பாரதி இல்லியா?

— இல்லக்கா. வாங்க கவிப்பிரியா. புள்ளைங்க எங்க? பின்னால வர்றாங்களா?

— வரல மேடம். நாந்தான் வந்தேன். நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு. சாமைச்சோறு வாசம் மண்டி வரைக்கும் வருது ராணிம்மா. புள்ளைங்க எல்லாம் மூக்க நீட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. பாய் கூட கேட்டாரு, இன்னிக்கு என்ன விசேசம்னு.

— கவி, எனக்குத் தெரியும்டி. தீட்டுன்னு பயந்துக்கிட்டுத்தானே அனுப்பல? தப்பு எம்பேர்ல. நானு மூணு தடவ தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, வேற சீல கட்டிக்கிட்டு ஊட்டறேன். பாரதிய மட்டுமாச்சும் கூட்டியா.

— தீட்டா? எங்களுக்கு என்ன ராணிம்மா தீட்டு? மேடம் இங்க படம் போட்டுக் காட்டுனப்ப குழுக்காரங்க நீங்க எல்லாம் உள்ள பாயில உக்காந்திருந்தீங்க. நாங்க புள்ளைய வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டோம். எளைக்கறது தோஷத்தால இல்ல, வயித்துக்கு இல்லாததாலன்னு சொன்னாங்க. காலனியில ஒருத்தி விடாம எல்லாரும் நம்புனோம். மந்திரிக்கப் போறதையே நிறுத்திட்டோம்.

— நம்புனீங்களா?

— நம்புனோம் மேடம். எம் புள்ள நடந்துச்சே, அப்பறம் நம்பாம என்ன பண்றது?

— அப்ப அனுப்பும்மா. தயவு பண்ணி அனுப்பு. கார் தீர்த்தமலை ரோட்டுக்குத் திரும்பிருக்கும். இன்னிக்கு புள்ளைங்க வந்து உக்காந்தா இன்னும் ரெண்டு வருசத்துக்கு சோறு இருக்கு. வரலன்னா இதோட மூடிருவாங்க. உங்க புள்ளைங்களுக்காகத்தான் கேக்கறேன்.

— மூடட்டும் மேடம். நாங்க ராத்திரியே பேசிட்டோம், நாளன்னிக்கு எல்லாரும் செங்கல் சூளைக்குக் கெளம்பறோம், புள்ளைங்களோட. இப்ப நீங்க போன் போட்டதும் ரெண்டு பேரு மனசு மாறுனாளுங்க. நாந்தான் வேணாம்னேன்.

— நீயா வேணாம்ன? ஏன்டி? அந்தக் கொழந்தைய என் மடியிலதானே வளத்தேன். என் மேல அப்பிடி என்னாடி கோவம்?

— கோவம் இல்ல ராணிம்மா. அன்னிக்கு இந்த வாசல்ல நின்னு உங்ககிட்ட கெஞ்சுனேன். எங்களுக்குத் தீட்டு பரவால்ல, புள்ள பசியில அழுவுது, நீங்களே ஒரு கை ஆக்கிப் போடுங்கன்னு. முடியாது, தொடக் கூடாதுன்னீங்க. சரி, சாமிக்குப் பயந்த மனுசின்னு நெனச்சு, மனசுல ஒண்ணும் வெச்சுக்காம திரும்பிப் போனேன். எம் புள்ள அழுவாச்சிக்கு தொடாத சாவிய ஒரு காரு வருதுன்னு தொட்டுட்டீங்க. இனிமே நீங்க எப்பிடி ஊட்டுனாலும் அதுக்கு இறங்காது.